முருங்கைக்குப் பின்னால் இரண்டு வாளி: வீட்டுத் தோட்டத்தில் டாகா

மடும்பி_தாத்தா (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)
9 பிப்ரவரி 2025

வணக்கம். நான் இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள், எழுதுவது அபூர்வம். கோயில் மாலை வகுப்பில் கற்ற தமிழ். பிழை இருந்தால் சொல்லுங்கள், கோபிக்க மாட்டேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் சரிவான நிலம், மண் களிமண். மேல் வரிசையில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும். நடுவில் மிளகாய், வெண்டை, புளிச்சக்கீரை. அடியில் மழைத்தண்ணீர் தேங்கும் மூலையில் மடும்பி, இந்தியாவில் சேப்பங்கிழங்கு என்பார்களே, அதேதான். வேலி ஓரம் முருங்கை. அறுபதுகளில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்து நிறவெறி அரசு எங்களைக் கிளப்பி இங்கே கொண்டுவந்து இறக்கியபோது, அப்பா லாரியில் கட்டிலோடும் அம்மியோடும் ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு முருங்கைப் போத்தையும் ஏற்றினார். அந்த மரம் காற்றில் விழுந்துவிட்டது. அதன் போத்தின் போத்துதான் இப்போது நிற்பது.

போன வாரம் என் மனைவி காவடி விரதத்தில் இருந்தாள். முருங்கைக்கீரை பறிக்கப் போனவள் கையில் கீரை இல்லாமல் திரும்பி வந்தாள். மரத்துக்குப் பின்னால் பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு, அவற்றில் இடுப்பளவு உயரத்துக்கு இரண்டு டாகாச் செடி, அதாவது கஞ்சா. மகனுடைய வேலை. வயது 29, எங்களோடுதான் இருக்கிறான். "சட்டம் மாறி ஏழு வருஷம் ஆகப்போகிறது அப்பா, நான் யாருக்கும் விற்கவில்லை" என்கிறான். அவள் அவனோடு பேசுவதில்லை. சோறு மட்டும் போடுகிறாள், அதுவும் தட்டு அதிரும்படி.

இதில் இன்னொரு கூத்து. அடுத்த வீட்டு அம்மா எங்கள் தோட்டத்தைப் படம் எடுத்து, "இந்த வீட்டில் கஞ்சா வளர்க்கிறார்கள்" என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது புளிச்சக்கீரை! உண்மையான செடி பத்தடி தள்ளி முருங்கைக்குப் பின்னால் நிற்கிறது, அது அவர் கண்ணிலேயே படவில்லை.

என் கேள்விகள்: சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? பேத்திக்கு நான்கு வயது, பார்த்ததையெல்லாம் வாயில் வைப்பாள், அவளுக்கு ஆபத்தா? அப்புறம் இதோடு சம்பந்தமே இல்லாத ஒன்று: எலுமிச்சை இலையெல்லாம் அம்மை போட்டதுபோல் மேடு மேடாக இருக்கிறது, கறிவேப்பிலை மஞ்சளடிக்கிறது. என்ன செய்யலாம்?

---

டோங்காட்_அக்கா (டோங்காட்)
9 பிப்ரவரி

தாத்தா, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவை ரொம்பத் திட்டாதீர்கள். புளிச்சக்கீரையின் தாவரவியல் பெயரே ஹிபிஸ்கஸ் கன்னாபினஸ், அதாவது கஞ்சா போன்ற செம்பருத்தி. பெயர் வைத்தவனே அந்த இலையைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறான். மரவள்ளி இலையைப் பார்த்தும் சிலர் இப்படித்தான் பதறுவார்கள்.

வித்தியாசம் காண வழி இருக்கிறது. கிள்ளி நாக்கில் வைத்தால் புளிப்பு. தண்டில் பொடிப்பொடி முள். டாகா இலையில் விரல்கள் காம்பு வரை தனித்தனியாகப் பிரிந்திருக்கும், புளிச்சக்கீரையில் அவை அடியில் ஒட்டியிருக்கும். பூத்துவிட்டால் பேச்சே இல்லை: வெண்டைப்பூவைப் போல வெளிர் மஞ்சள், நடுவில் இருண்ட சிவப்பு. பகல் குறையத் தொடங்கியதும் தானே பூக்கும், இன்னும் கொஞ்ச நாள்தான். அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

எலுமிச்சை மேடு: அது சைலிட் பூச்சி, நம் ஆப்பிரிக்க வகை. குஞ்சுகள் இலையின் அடிப்பக்கம் குழி தோண்டி உட்கார்ந்துகொள்ளும், அந்தக் குழிதான் மேல்பக்கம் மேடாகத் தெரிகிறது. பழைய இலை திருந்தாது, அதை விட்டுவிடுங்கள். புதுத் துளிர் வரும்போது அடிப்பக்கம் படும்படி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள். கிரீனிங் என்கிற நோயைப் பரப்புவதும் இந்தப் பூச்சிதான், அதனால் துளிர் நேரத்தில் சோம்பல் வேண்டாம்.

கறிவேப்பிலை மஞ்சளடிப்பது தண்ணீர் கூடியதால் என்று நினைக்கிறேன். களிமண்ணும் டர்பன் கோடை மழையும் சேர்ந்தால் வேர் மூச்சுவிட முடியாது. அடியில் சின்னக் கால்வாய் வெட்டித் தண்ணீரைக் கீழே மடும்பிக்கு விடுங்கள்; மடும்பி குடித்துக்கொண்டே இருக்கும். நரம்பு பச்சையாகவும் நடு மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. புளித்த மோர் ஊற்றச் சொல்லி எங்கள் ஆயா சொல்வார். அறிவியல் எனக்குத் தெரியாது, மரம் தழைத்தது தெரியும். பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடுங்கள், இலை கூடும்.

டாகா பற்றி நான் பேசவில்லை. எங்கள் வீட்டுக்காரர் இந்த இழையைப் படிப்பார்.

---

சட்டப்புத்தகம் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
10 பிப்ரவரி

ஐயா, உங்கள் மகன் சொன்னதில் பாதி சரி.

2018 செப்டம்பர் 18 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வயது வந்த ஒருவர் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக, தனிப்பட்ட இடத்தில் கஞ்சா வளர்ப்பதும் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றமல்ல. காரணம், அந்தரங்கத்துக்கான உரிமை. தீர்ப்பை எழுதியவர் அப்போது துணைத் தலைமை நீதிபதியாக இருந்த ரேமண்ட் சோண்டோ. வழக்கை நடத்தியவர்களில் ஒருவர் கேரத் பிரின்ஸ், கஞ்சாவைச் சமயச் சடங்காகப் புகைக்கும் ரஸ்தாஃபாரி சமயத்தவர். சட்டம் படித்தவர், இதே விஷயத்துக்காக 2002ல் அதே நீதிமன்றத்தில் தோற்றவர். 16 வருடம் விடாமல் நின்றார்.

அந்தத் தீர்ப்பு எத்தனை செடி, எத்தனை கிராம் என்று சொல்லவில்லை. அதைப் பாராளுமன்றத்துக்கு விட்டது. 2020ல் வந்த மசோதாவில் எண்கள் இருந்தன: தனியாக வசிப்பவருக்குப் பூக்கும் செடி 4, இரண்டு அல்லது அதற்கு மேல் பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 8. ஆனால் 2024 மே 28ல் ஜனாதிபதி கையெழுத்திட்ட சட்டத்தில் அந்த எண்கள் இல்லை. அமைச்சர் விதிமுறையாக வெளியிட வேண்டும். சட்டமே இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆக இன்று, 2025 பிப்ரவரியில், உங்கள் வீட்டுக்குப் பொருந்துவது 2018 தீர்ப்புதான்.

தெருவில் "115 கிராம் வரைக்கும் பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது அனுமதி அளவே அல்ல. பழைய சட்டத்தில் 115 கிராமுக்கு மேல் இருந்தால் வியாபாரி என்றே எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் அனுமானம் இருந்தது. 1995லேயே அரசியலமைப்பு நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. ஆனாலும் அளவு கூடக்கூட வியாபாரம் என்ற சந்தேகம் கூடும், அது இயல்பு.

விற்பது குற்றம், வாங்குவதும் குற்றம். நண்பனுக்கு நாற்றுக் கொடுத்து "செலவுக்கு" ஐம்பது ராண்ட் வாங்கினாலும் அது விற்பனைதான். செடி வீதியில் இருந்து தெரியாத இடத்தில் இருக்கட்டும்.

ஒரு கேள்வி. மகன் என்ன வேலை பார்க்கிறார்?

---

மண்வெட்டி (வெருலம்)
10 பிப்ரவரி

தாத்தா, நானும் வளர்க்கிறேன். வருஷத்துக்கு இரண்டு செடி, முதுகுவலிக்கு. ஒளிக்க ஒன்றும் இல்லை, ஆனால் தம்பட்டமும் அடிப்பதில்லை.

பப்பாளி மாதிரிதான் இது. ஆண் தனி, பெண் தனி. உங்கள் பையன் வைத்திருக்கும் இரண்டில் ஒன்று ஆணாக இருந்தால் அவன் கனவில் பாதி போச்சு. இந்த மாதக் கடைசிக்குள் கணுவில் தெரிந்துவிடும்: குட்டி முத்துக் குலை மாதிரி தொங்கினால் ஆண், வெள்ளை மயிர் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தால் பெண். டிசம்பரில் இங்கே பகல் 14 மணி நேரம், அதனால் வளர்ந்துகொண்டே போகும். பகல் சுருங்கினால்தான் பூவுக்குத் திரும்பும்.

உலகமெல்லாம் "டர்பன் பாய்சன்" என்று நம் ஊர்ப் பெயரில் ஒரு வகையைக் கொண்டாடுகிறார்கள். நம் ஊர்க் காற்றில் அதை வளர்த்துப் பார்த்தால் தெரியும் பெருமை. மார்ச்சில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தால் பூவுக்குள் சாம்பல் நிறப் பூசணம் பிடித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரே ஓர் இலை காய்ந்திருக்கும், இழுத்தால் கையோடு வரும், உள்ளே முழுக்க அழுகல். அதை யாரும் பயன்படுத்தக் கூடாது, நுரையீரலுக்குக் கேடு. பூ வந்த பிறகு வேப்பெண்ணெயும் அடிக்காதே என்று சொல்லுங்கள், புகையாக உள்ளே போகிற பொருள்.

அப்புறம் குரங்கு. எங்கள் வீட்டில் வெர்வெட் கூட்டம் பப்பாளியைத் தின்ன வந்து, போகிற போக்கில் என் செடியின் தலையை முறித்துப் போட்டுவிட்டுப் போனது. தின்னவில்லை. சும்மா.

---

ஜோபர்க்_சேலத்தான் (ஜோஹன்னஸ்பர்க்)
11 பிப்ரவரி

தைப்பூச நாளில் இப்படி ஓர் இழையா என்று இருக்கிறது. நான் சேலத்துக்காரன், வேலைக்காக இங்கே வந்து ஆறு வருடம். எங்கள் ஊரில் கஞ்சா என்றால் பொட்டலம், போலீஸ், பாழாய்ப்போன பிள்ளைகள். அதைக் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவதே எனக்கு ஒப்பவில்லை. சட்டம் அனுமதித்தால் எல்லாம் சரியாகிவிடுமா? தாத்தா தயவுசெய்து தவறாக நினைக்க வேண்டாம், உங்கள் மனைவியின் பக்கம்தான் நான்.

(தோட்ட விஷயத்தில் எனக்கும் ஒரு குறை. இங்கே 1,700 மீட்டருக்கு மேல் உயரம், ஜூன் ஜூலையில் உறைபனி. மூன்று கறிவேப்பிலை செத்தது. யாராவது வழி சொல்லுங்கள்.)

---

மண்வெட்டி
11 பிப்ரவரி

சேலத்தாரே, உங்கள் வருத்தம் புரிகிறது. எங்கள் தெருவிலும் பிள்ளைகள் பாழாய்ப்போனார்கள், ஆனால் டாகாவால் என்பதைவிட "சுகர்ஸ்" என்கிற கலப்பட ஹெராயினால். சாட்ஸ்வொர்த்தில் எந்தத் தாயையும் கேளுங்கள். இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

---

சட்டப்புத்தகம்
12 பிப்ரவரி

சேலத்தாருக்கு ஒரு பழைய செய்தி. தென்னாப்பிரிக்காவில் கஞ்சாவுக்கு எதிரான மிகப் பழைய சட்டங்களில் ஒன்று யாருக்காகப் போடப்பட்டது தெரியுமா? நமக்காக.

1860 நவம்பர் 16ல் ட்ரூரோ கப்பல் மதராசில் இருந்து டர்பன் வந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். பத்தே வருடத்தில், 1870ல், நேட்டால் (டர்பன் இருந்த பிரிட்டிஷ் காலனி) அரசு கூலிச் சட்டங்களைத் திரட்டி ஒரே சட்டமாக்கியபோது, இந்தியக் கூலிகள் கஞ்சாச் செடியின் எந்தப் பகுதியையும் புகைப்பதும் வைத்திருப்பதும், அவர்களுக்கு மற்றவர்கள் விற்பதும் கொடுப்பதும் குற்றம் என்று அதில் ஒரு பிரிவைச் சேர்த்தது. கவலை அவர்கள் உடல்நலம் அல்ல, வேலை கெடுகிறதே என்பதுதான். நாடு முழுக்க எல்லோருக்குமான தடை 1920களில்தான் முழுமையானது.

அந்தச் செடி நம்மோடு வந்தது என்றும் சொல்ல முடியாது. நமக்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே இருந்தது. ஜூலுவில் இன்சாங்கு. டாகா என்ற சொல்லே இந்த மண்ணின் பழங்குடிகளான கோய் மக்களுடையது. நம் முன்னோர் கஞ்சா என்றார்கள், ஜூலு பக்கத்து வீட்டுக்காரர் இன்சாங்கு என்றார், வெள்ளைக்கார முதலாளி இரண்டையும் பிடுங்கினார்.

இதனால் அது நல்ல பொருள் என்று நான் சொல்லவில்லை. நான் தொடுவதில்லை. ஆனால் "நம் ஆட்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்ற பேச்சு யாரிடம் இருந்து தொடங்கியது என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

---

ஜோபர்க்_சேலத்தான்
12 பிப்ரவரி

இது எனக்குத் தெரியாது. சரி. கருத்து மாறவில்லை, ஆனால் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கறிவேப்பிலைக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

---

டோங்காட்_அக்கா
12 பிப்ரவரி

தம்பி, உங்கள் ஊரில் மண்ணில் நடாதீர்கள். பெரிய தொட்டியில் வையுங்கள். மே மாதம் வடக்குப் பார்த்த சுவர் ஓரம் நகர்த்துங்கள். நமக்கு வெயில் வடக்கில் இருந்து வரும், சேலத்துப் பழக்கத்தில் தெற்கே வைத்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும், செத்துவிட்டது என்று பிடுங்கியிருப்பீர்கள். தண்ணீரைக் குறைத்துக் காத்திருங்கள், செப்டம்பரில் துளிர்க்கும். உங்கள் மூன்றில் ஒன்றாவது உயிரோடுதான் குப்பைக்குப் போயிருக்கும்.

விதை வாங்கினால் பழம் கறுத்த உடனே போட வேண்டும், காய்ந்த விதை முளைக்காது. நல்லது வேர்க்கன்றுதான். ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கு வருவீர்கள் என்றால் சொல்லுங்கள், ஒன்று கொண்டுவருகிறேன்.

---

வார்டு_அக்கா (பீனிக்ஸ்)
13 பிப்ரவரி

நான் செவிலியர், அவசரப் பிரிவில். தாத்தாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதுதான் முக்கியம், எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள்.

செடியில் இருக்கும் பச்சை இலையை நான்கு வயதுக் குழந்தை ஒன்றிரண்டு கடித்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. பச்சையில் இருப்பது அமில வடிவம். சூடு பட்டால்தான் மயக்கும் பொருளாக மாறும். உண்மையான ஆபத்து வெண்ணெயில் காய்ச்சிச் செய்கிற கேக், பிஸ்கட், மிட்டாய். பெரியவர்கள் பிரிட்ஜில் வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். குழந்தைக்கு அது வெறும் இனிப்பு. தின்ற உடனே ஒன்றும் தெரியாது. ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்துத் தள்ளாடும், எழுப்ப முடியாமல் தூங்கும், சில குழந்தைக்கு மூச்சே மெதுவாகிவிடும். அப்போது காரில் போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வந்து உண்மையைச் சொல்லுங்கள். ஒரு குடும்பம் இரண்டு மணி நேரம் "ஒன்றும் தின்னவில்லை, ஒன்றும் தின்னவில்லை" என்றே நின்றார்கள். நாங்கள் மூளைக் காய்ச்சலா என்று முதுகுத்தண்டில் ஊசி குத்தும் நிலைக்குப் போய்விட்டோம். கடைசியில் மாமாதான் அழுதுகொண்டே சொன்னார்.

நாய்க்கும் இதே கதை. தள்ளாடும், நின்ற இடத்திலேயே சிறுநீர் போகும்.

ஆனால் தாத்தா, ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அரளி இருக்கிறதா? சாமிக்குப் பூ வேண்டும் என்று நம் வீடுகளில் பாதிக்கு மேல் வைத்திருக்கிறோம். அரளி இதயத்தையே நிறுத்தும், மஞ்சள் அரளிக் கொட்டை இன்னும் மோசம். உங்கள் மடும்பி இலையைப் பச்சையாகக் கடித்தாலே வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். குழந்தையைப் பற்றிக் கவலைப்பட்டால் தோட்டம் முழுவதையும் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும், இரண்டு வாளியை மட்டும் அல்ல.

---

கேப்_தும்பை (கேப் டவுன்)
13 பிப்ரவரி

வார்டு அக்கா சொன்னதோடு ஒரு வேடிக்கை. அரளி இந்த நாட்டின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கிறது. மஞ்சள் அரளியும் அப்படியே, ஊமத்தையும் அப்படியே. விதை பிடிக்காத அரளி வகைகளுக்கு விலக்கு உண்டு, மற்றதைப் பிடுங்க வேண்டும். ஆக பின்பக்கத்து டாகாவுக்கு நீதிமன்றத் தீர்ப்பே துணை, முன்பக்கத்துப் பூசைப் பூவுக்குத்தான் தடை!

பெயர்க் குழப்பத்தில் இன்னொன்று. "வைல்ட டாகா" என்று நர்சரியில் விற்பார்கள், ஆள் உயரம் வளரும், அடுக்கடுக்காக ஆரஞ்சுப் பூ. அது கஞ்சாவே அல்ல. நம் தும்பைப்பூவின் குடும்பம், அதனால்தான் எனக்கு இந்தப் பெயர். இந்த மண்ணின் செடி, தண்ணீர் அதிகம் கேட்காது. தேன்சிட்டுகள் பூ பூவாகத் தலையைவிட்டுக் குடிக்கும். சரிவான நிலம் என்கிறீர்களே, மண் பிடிக்க வேலி ஓரம் நாலு நடுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

---

போர்ட்லூயி_தம்பி (மொரீஷியஸ்)
15 பிப்ரவரி

இங்கே இருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எல்லோரும் எவ்வளவு சாதாரணமாகப் பேசுகிறீர்கள்! எங்கள் தீவில் ஒரு செடிக்கே கைது. கிரியோலில் இதைக் "காந்தியா" என்பார்கள், கேட்டாலே தெரியும் எங்கிருந்து வந்த சொல் என்று. 2022ல் மருத்துவத்துக்கு மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள், அதுவும் அரசு மருத்துவமனை வழியாக. வீட்டில் வளர்ப்பதைப் பற்றிப் பேச்சே கிடையாது. 1999ல் பாடகர் கயா, கஞ்சாச் சட்டத்தைத் தளர்த்தக் கேட்ட கூட்டத்தில் புகைத்தார் என்று கைதானார், போலீஸ் காவலில் இறந்தார். நாடே நாள்கணக்கில் எரிந்தது. எனக்கு அப்போது எட்டு வயது, பள்ளிக்கூடம் மூடியது நினைவிருக்கிறது.

பக்கத்து ரீயூனியனில் "ஸமால்" என்பார்கள். பிரெஞ்சுச் சட்டம், அங்கேயும் வளர்க்கக் கூடாது.

தாத்தா, உங்கள் வீட்டுப் புளிச்சக்கீரையை எப்படிச் சமைப்பீர்கள்?

---

மடும்பி_தாத்தா
16 பிப்ரவரி

எல்லோருக்கும் நன்றி. பேரனுக்குப் பேரன் வயசுள்ளவர்கள் எல்லாம் எனக்குப் பாடம் எடுக்கிறீர்கள், சந்தோஷம்.

தம்பி, புளிச்சக்கீரையைக் காய்ந்த மிளகாய், வெங்காயம், நிறையப் பூண்டு போட்டு வதக்கி மசித்துவிடுவோம். சோள மாவுக் களி, அதாவது பாப் கூட உண்டால் அமிர்தம். உலர்ந்த இறால் சேர்ப்பதும் உண்டு, விரதம் முடிந்த பிறகு.

அரளி இருந்தது. வாசலில், என் அம்மா வைத்தது. நேற்று வெட்டிவிட்டேன். மனைவி அதற்கும் பேசவில்லை. இப்போது என்னோடும் பேசவில்லை.

சட்டப்புத்தகம் தம்பி கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மகன் துறைமுகம் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்.

---

சட்டப்புத்தகம்
16 பிப்ரவரி

அப்படியானால் அவரை இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

2024ல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில், அலுவலக மேசை வேலை பார்ப்பவரை வீட்டில் கஞ்சா பயன்படுத்தியதற்காக மட்டும் நீக்கியது நியாயமற்ற பாகுபாடு என்றது. வேலை நேரத்தில் அவர் மயக்கத்தில் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. பலர் அந்தத் தலைப்பை மட்டும் படித்துவிட்டு "இனி யாரும் கேட்க முடியாது" என்று திரிகிறார்கள். கனரக வாகனம், கிரேன், ஃபோர்க்லிஃப்ட் இதெல்லாம் வேறு கதை. அங்கே பாதுகாப்பு என்ற காரணம் முதலாளி கையில் வலுவாக இருக்கிறது. அடிக்கடி பயன்படுத்துபவர் சிறுநீரில் அதன் தடம் வாரக்கணக்கில் நிற்கும். வெள்ளிக்கிழமை இரவு வீட்டில் பிடித்தது திங்கள்கிழமைச் சோதனையில் தெரியும். குற்றவாளி ஆக மாட்டார், வேலை போகலாம்.

---

மண்வெட்டி
17 பிப்ரவரி

இதை நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொந்தத் தொழில், தையல்; என்னைச் சோதிக்க ஆள் இல்லை. அதனால் தோன்றவில்லை.

---

மடும்பி_தாத்தா
30 மார்ச் 2025

நிலவரம் சொல்கிறேன். நிறைய பேர் தனிச் செய்தியில் கேட்டீர்கள்.

மகனோடு பேசினேன். திட்டவில்லை. போனில் இந்த இழையைத் திறந்து கொடுத்துவிட்டு, நான் கால்வாய் வெட்டப் போய்விட்டேன். அரை மணி கழித்து அவனும் மண்வெட்டியோடு வந்தான். ஒன்றும் சொல்லவில்லை, வெட்டினான். இரண்டு பேரும் எலுமிச்சையில் இருந்து மடும்பி வரைக்கும் வெட்டி முடித்தோம். "இந்த இரண்டு செடி வளர்ந்து முடியட்டும், புகைக்க மாட்டேன், எப்படி வளர்கிறது என்று பார்க்கத்தான் ஆசை" என்றான். நம்பினேனா என்று கேட்காதீர்கள். வாளி இரண்டையும் பூட்டுப் போட்ட கம்பிவலைக் கூண்டுக்குள் வைத்தோம், முன்பு கோழி இருந்த கூண்டு. பேத்திக்கு அங்கே வேலை இல்லை.

பிப்ரவரிக் கடைசியில் ஒன்று ஆண் என்று தெரிந்தது. மண்வெட்டித் தம்பி சொன்ன முத்துக் குலை அப்படியே. பிடுங்கிக் குப்பைக் குழியில் போட்டோம். மற்றொன்று நன்றாகத்தான் பூத்தது. இந்த மாதம் மழை விடாமல் அடித்தது, ஓர் இலை காய்ந்தது, இழுத்தேன், கையோடு வந்தது. மற்றதை நான் சொல்ல வேண்டுமா? மகன் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றான், அப்புறம் சிரித்துவிட்டான். "அப்பா, உன் மடும்பிக்கு மட்டும் ஒரு நோயும் வராது" என்றான். உண்மைதான்.

இதற்கிடையில் அரசு மார்ச் 7ல் கஞ்சாவும் ஹெம்பும் (நாருக்கும் விதைக்கும் வளர்க்கிற கஞ்சா வகை) கலந்த உணவுக்குத் தடை என்று அரசிதழில் போட்டது, ஊரெல்லாம் சத்தம் கிளம்பியதும் மாதம் முடிவதற்குள் திரும்ப வாங்கிக்கொண்டது. அவர்களுக்கும் என் வீட்டு நிலைமைதான் போலிருக்கிறது.

மனைவி பேச ஆரம்பித்துவிட்டாள். முதல் வார்த்தை என்னிடம், "அரளியை வெட்டினாயே, நாளை பூசைக்குப் பூ எங்கே?" என்பது. செம்பருத்தி நட்டிருக்கிறேன். கேப்_தும்பை சொன்ன அந்த ஆரஞ்சுப் பூச் செடியும் நான்கு வைத்தேன், பெயர் சொல்லாமல்.

---

டோங்காட்_அக்கா
31 மார்ச்

பக்கத்து வீட்டு அம்மா என்ன ஆனார்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே தாத்தா.

---

மடும்பி_தாத்தா
2 மே 2025

மன்னிக்கவும் அக்கா, இப்போதுதான் பார்த்தேன்.

புளிச்சக்கீரை பூத்ததும் நீங்கள் சொன்னபடி அவரை வேலிக்குக் கூப்பிட்டேன். பூவைப் பார்த்தார், இலையைக் கிள்ளி வாயில் வைத்தார், முகம் சுளித்தார். "எங்கள் ஆயா கோங்கூரா என்று சமைப்பார், நாற்பது வருஷமாகப் பார்க்கவில்லை" என்றார். அவர் குடும்பம் தெலுங்கு. செடியைப் பார்த்ததில்லை, கடையில் கட்டாகத்தான் பார்த்திருக்கிறார். மறுநாள் குழுவில் எழுதினார், "போன படம் தவறு, அது கீரை" என்று. நாற்பது பேர் சிரிப்புப் படம் போட்டார்கள்.

இப்போது காய் முற்றி வெடிக்கிறது. தொட்டால் கை அரிக்கும், உறை போட்டுக்கொண்டு விதை எடுக்கிறேன். அவருக்கு ஒரு பொட்டலம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. செப்டம்பரில் விதைக்கச் சொல்லியிருக்கிறேன். சேலத்துத் தம்பிக்கும் போர்ட்லூயித் தம்பிக்கும் வேண்டுமென்றால் சொல்லுங்கள். மொரீஷியசுக்குத் தபாலில் விதை அனுப்பலாமா என்று சட்டப்புத்தகம்தான் சொல்ல வேண்டும்.

---

சட்டப்புத்தகம்
2 மே

தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அனுப்பாதீர்கள் ஐயா. இதற்கு டாகாவே சுலபம்.

---

ஜோபர்க்_சேலத்தான்
3 மே

எனக்கு வேண்டும். ஈஸ்டருக்கு அக்கா கொடுத்த கறிவேப்பிலைக் கன்று வடக்குச் சுவரோரம் இருக்கிறது, நேற்று நான்கு இலை உதிர்த்தது. இந்தமுறை பிடுங்க மாட்டேன்.